‘புனர்வாழ்வு’ என்ற சொல்லை ஏன் வெட்டச் சொன்னேன்

(கிழக்கு லண்டனில் கடந்த மாதம் கூடிய எங்கள் வாசிப்பு வட்டத்தில் தோழர் ஒருவர் பேசியது. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, அவரே திருத்தித் தந்தார். பேச்சு வழக்கை அவர் விரும்பிய இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த மழைக்குள்ளயும் வந்திருக்கிறீங்கள், சந்தோசம். பின்னுக்கு நிக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ, கதிரை இருக்கு.

போன கூட்டத்தில் நடந்ததை வராத ஆக்களுக்காக ஒருக்கால் சொல்லுறன். எங்கட அறிக்கையின்ர வரைவில் ஐந்தாவது பந்தியில் ஒரு வசனம் இருக்கு: “சிறைகள் தண்டிப்பதற்காக அல்ல, புனர்வாழ்வு அளிப்பதற்காக இருக்க வேண்டும்.” வாசிச்ச உடனே எல்லாரும் தலையாட்டினீங்கள். நான் மட்டும் கையை உயர்த்தி, அந்த வசனத்தை வெட்டச் சொன்னேன். உடனே ஒரு தம்பி கேட்டான், “அக்கா, அப்ப நீங்கள் தண்டனைக்கு ஆதரவோ? இது கொன்சவேட்டிவ் கட்சிக்காரர் கதைக்கிற கதையெல்லோ?” எல்லாரும் சிரிச்சிச்சினம். நானும் சிரிச்சேன். ஆனால் வீட்டை போய் யோசிச்சால், அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் இண்டைக்கு நேரம் கேட்டனான்.

முதலில் சொற்கள். ஊரில் நாங்கள் சிறையை ‘மறியல்’ என்றுதான் சொல்லுறது. “அவர் மறியலில இருக்கிறார்.” தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு மறியல் என்றால் றோட்டை மறிச்சுப் போராடுறது, ஒருக்கால் சென்னைத் தோழர் ஒருவருக்கு “என்ர மாமா ரெண்டு வருசம் மறியலில இருந்தவர்” எண்டு சொல்ல, அவர் பெரிய போராளி எண்டு நினைச்சிட்டார். மாமா கசிப்புக் காய்ச்சினதுக்காகப் போனவர். அது இருக்கட்டும். மறியல் என்ற சொல் நேர்மையான சொல். உன்னை மறிச்சு வைச்சிருக்கிறம், அவ்வளவுதான். உன்னைத் திருத்துறம், உன்ர நன்மைக்குத்தான் எண்டு அது சொல்லாது.

புனர்வாழ்வு அப்படி இல்லை. இங்க பிறந்த தம்பி தங்கச்சிமாருக்கு அது ஒரு நல்ல, மென்மையான சொல்லாகத் தெரியலாம். எனக்கு அதைக் கேட்டால் என்ர சின்னம்மாவின்ர மகன்தான் ஞாபகம் வாறான்.

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால வந்தவன். இயக்கத்தில ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியச் சொல்லி ஒலிபெருக்கியில அறிவிச்சது. பதிஞ்சான். குற்றப்பத்திரம் இல்லை, வழக்கு இல்லை, அவன் ஒரு நீதவானின்ர முகத்தையே காணேல்லை. அவசரகால ஒழுங்குவிதிகளின்படி அவன் கைதி இல்லை, ‘சரணடைந்தவர்’. அவன் இருந்தது சிறை இல்லை, ‘புனர்வாழ்வு நிலையம்’. முள்ளுக்கம்பி இருந்தது, காவல் இருந்தது, வெளியில போகேலாது. எப்ப விடுவினம் எண்டு கேட்டால், புனர்வாழ்வு முடிஞ்ச பிறகு. எப்ப முடியும்? அதை அவைதான் சொல்லுவினம். இருபது மாதம் கழிச்சு விட்டிச்சினம். சிங்களம் கொஞ்சம் படிச்சிருந்தான். மேசன் வேலை பழகினதாகச் சான்றிதழும் குடுத்திருந்தது. தோழர்கள், அவன் பதினெட்டு வயதிலயே மேசன். எங்கட வீட்டு மதிலைக் கட்டினதே அவன்தான்.

அந்தச் சான்றிதழை அவன் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கன வருசம் வைச்சிருந்தான். விசாரிக்க வாறவை கேட்டால் காட்டவேணும். புனர்வாழ்வு பெற்றவன் என்ற பேப்பர்தான், அவன் சந்தேகத்துக்குரியவன் என்ற பேப்பரும்.

அரசாங்கக் கணக்கின்படி இப்படி 12,000 பேருக்கு மேல் ‘புனர்வாழ்வு’ பெற்றிருக்கினம். சொல் அதோட நிக்கேல்லை. 2021இல் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ‘தீவிரமயநீக்கம்’ என்ற பேரில், வழக்கில்லாமல் ஆக்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்ப ஒழுங்குவிதிகள் வந்தன. இலக்கு இந்த முறை முஸ்லிம்கள். உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2022இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வந்தது. போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள், முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்களின் உறுப்பினர்கள், அதோடு ‘வேறெந்த ஆட்களின் குழு’வும் என்று வரைவில் இருந்தது. வேறெந்த என்றால் யார்? அரகலய முடிஞ்சு சில மாதம்கூட ஆகாத நேரம் அது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த வரியெல்லாம் குறைக்கப்பட்டு, 2023 ஜனவரியில் நிறைவேறினது. தண்டிக்கிறதெண்டால் குற்றத்தை நிரூபிக்கவேணும். புனர்வாழ்வுக்கு அது தேவையில்லை. அந்தச் சொல்லின்ர வசதியே அதுதான்.

சரி, நீங்கள் சொல்லுவீங்கள்: அது சிறீலங்கா அரசு செய்த மோசடி, நாங்கள் சொல்லுற புனர்வாழ்வு வேற, இங்க சட்டம் இருக்கு, நீதிமன்றம் இருக்கு எண்டு. அப்ப இங்கத்தைய கதைக்கு வருவம்.

2003ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், தொழிற்கட்சி கொண்டுவந்தது. அதில் தண்டனையின் நோக்கங்கள் என்று ஐந்து சொல்லப்பட்டிருந்தது: தண்டித்தல், குற்றத்தைக் குறைத்தல், சீர்திருத்தமும் புனர்வாழ்வும், பொதுமக்களைப் பாதுகாத்தல், பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்தல். எது முதல், எது பிறகு என்று சட்டம் சொல்லேல்லை. எல்லாரையும் திருப்திப்படுத்துற பட்டியல், கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி. அதே சட்டத்தில்தான் ஐ.பி.பி. என்ற தண்டனையும் பிறந்தது. விரிச்சால் ‘பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறைத்தண்டனை’. 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அது எப்படி வேலை செய்தது எண்டு கவனமாகக் கேளுங்கோ. நீதிபதி ஒரு குறைந்தபட்சக் காலம் சொல்லுவார். ஒரு வருசம், ரெண்டு வருசம். தொடக்கத்தில் சிலருக்கு மாதக் கணக்கில்தான், 28 நாள்கூட ஒருவருக்கு விதிக்கப்பட்டது. அந்தக் காலம் முடிஞ்சால் வெளியில வரலாம் எண்டு நினைப்பீங்கள். இல்லை. அதுக்குப் பிறகுதான் பரோல் சபைக்கு முன்னால போய், “நான் இனி ஆபத்தானவன் இல்லை” என்று கைதி காட்டவேணும். எப்படிக் காட்டுறது? பாடநெறிகள் செய்து. கோபத்தைக் கட்டுப்படுத்துற பாடநெறி, சிந்தனைத் திறன் பாடநெறி, இன்னும் கன பாடநெறி. திருந்தினதுக்கு அத்தாட்சி.

அரசாங்கம் எதிர்பார்த்தது 900 பேரளவில்தான். கடைசியில் 8,711 பேருக்கு இந்தத் தண்டனை விதிக்கப்பட்டது. பாடநெறிகளோ போதாது. கன சிறைகளில் அவை இல்லவே இல்லை. இருக்கிற இடத்தில் வருசக் கணக்கில் வரிசை. 9 மாதம், 12 மாதம் குறைந்தபட்சக் காலம் கிடைச்ச ஆக்கள், அதைத் தாண்டி வருசக் கணக்கில் உள்ள இருந்திச்சினம், செய்யச் சொன்ன பாடநெறியை ஒருத்தரும் தராததால். மூன்று கைதிகள் ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய், 2012இல் வென்றார்கள். திருந்தினால்தான் விடுவம் எண்டு சொல்லிப்போட்டு, திருந்துறதுக்கு வழி தராமல் வைச்சிருந்தது எதேச்சையான தடுப்பு, சுதந்திர உரிமையின் மீறல் என்று அந்த நீதிமன்றம் சொன்னது.

அதே 2012இல் இந்தத் தண்டனை ஒழிக்கப்பட்டது. ஆனால் ஏற்கனவே உள்ளுக்க இருந்தவர்களுக்கு இல்லை! இனிமேல் வாறவைக்கு மட்டும். 2024 முடிவிலும் 2,500 பேருக்கு மேல் இந்தத் தண்டனையில் சிறையில் இருந்தார்கள். அதில் ஆயிரம் பேரளவில் ஒரு நாளும் வெளியில விடப்படாதவர்கள். மற்றவர்கள் விடப்பட்டு, நிபந்தனையை மீறினதாகத் திருப்பி எடுக்கப்பட்டவர்கள். 90 பேரளவில் சிறைக்குள்ளேயே தங்கட உயிரை எடுத்திருக்கினம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கற்றே தான் பிழை விட்டதாகப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். 2022இல் பாராளுமன்ற நீதிக் குழு, எல்லாருக்கும் தண்டனையை மீள விதிக்கச் சொன்னது. அரசாங்கம் மறுத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுறது ஒண்டு. இந்த ஆக்களைக் கொன்றது ‘தண்டனை’ இல்லை. தண்டனைக் காலம் எப்பவோ முடிஞ்சுது. அவையை உள்ளுக்க வைச்சிருந்தது திருத்தம் என்ற எண்ணம்தான். தண்டனைக்கு ஒரு அளவு இருக்கு: செய்த குற்றத்தின்ர அளவு. திருத்தத்துக்கு என்ன அளவு? நான் திருந்திட்டன் எண்டு என்ர மனசுக்குள்ள புகுந்து ஆர் பார்க்கிறது?

அதோட, அந்தப் பாடநெறிகள் உண்மையில் திருத்தினவோ எண்டும் கேக்கவேணும். பாலியல் குற்றவாளிகளுக்கான முக்கியமான பாடநெறி ஒண்டு இங்க இருபது வருசத்துக்கு மேல நடந்தது. 2017இல் நீதி அமைச்சே ஒரு ஆய்வு வெளியிட்டது. பாடநெறி செய்தவர்களில் 10 வீதத்தினர் திரும்பவும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். செய்யாதவர்களில் 8 வீதம். அந்தப் பாடநெறியை நிப்பாட்டிப்போட்டினம். அதைச் செய்தால்தான் விடுதலை எண்டு எத்தனை பேர் காத்திருந்திருப்பினம்.

நான் பத்து வருசமாகச் சனி ஞாயிறுகளில் மறியலுகளுக்குப் போய் வாறன். சம்பளத்துக்கில்லை. கடிதம் வாசிச்சுக் காட்டுறது, மொழிபெயர்க்கிறது, சில நேரம் சும்மா இருந்து கதைக்கிறது. அங்க ஒரு அண்ணா. இங்கிலிஸ் அவ்வளவு ஓடாது. கோபத்தைக் கட்டுப்படுத்துற வகுப்பில பத்துப் பேர் வட்டமா இருந்து, தங்கட சின்ன வயசு, தகப்பன், குடி எல்லாத்தையும் பற்றிக் கதைக்கவேணும், இங்கிலிசில. மொழிபெயர்ப்பாளர் இல்லை. அண்ணா ஆறு கிழமையும் போய், கையைக் கட்டிக்கொண்டு மரியாதையா இருந்திருக்கிறார். எங்கட ஊரில வாத்தியாருக்கு முன்னால இருக்கிற மாதிரி. கடைசியில் அறிக்கையில் எழுதியிருந்தது: “ஈடுபாடு காட்டவில்லை. தன் குற்றம் பற்றிச் சிந்திக்க விருப்பமில்லை.” அதை நான்தான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி வந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டுக் கேட்டார், “நான் கை கட்டினது பிழையோ தங்கச்சி?”

சீர்திருத்தம் எண்டால் இதுதான் நடக்கும் என்று நான் சொல்லேல்லை. ஆனால் ஆர் திருந்தினவன் எண்டு தீர்மானிக்கிற அதிகாரத்தை ஒரு கட்டடத்துக்குக் குடுத்தால், அந்தக் கட்டடத்தின்ர மொழி தெரிஞ்சவன், அதன்ர முகபாவம் தெரிஞ்சவன் முதல்ல வெளியில வருவான்.

எங்கட இடதுசாரி வரலாற்றிலயே இதுக்கு ஒரு பாடம் இருக்கு, அதுவும் இரண்டு பக்கமும் வெட்டுற பாடம். 1960களில் கலிபோர்னியா, சீர்திருத்தச் சிறைகளுக்குப் பேர்போன மாநிலம். அங்க தண்டனைக்கு முடிவுத் திகதி கிடையாது. ஜோர்ஜ் ஜாக்சன் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பினப் பொடியன், 70 டொலர் கொள்ளைக்காகப் பிடிபட்டான். தண்டனை: ‘ஒரு வருடம் முதல் ஆயுள் வரை’. எப்ப விடுறதெண்டு சபை தீர்மானிக்கும், அவன் திருந்தினதைப் பார்த்து. அவன் உள்ளுக்க மார்க்ஸ் படிச்சான், கறுஞ்சிறுத்தைகளோட சேர்ந்தான். சபையின்ர கண்ணுக்கு இது திருந்தினதாகத் தெரியுமோ? பத்து வருசம் கழிச்சும் உள்ளதான். காவலாளி ஒருவரைக் கொன்ற வழக்கும் அவன் மேல் இருந்த நேரத்தில், 1971 ஓகஸ்ட் 21ஆம் திகதி சான் குவென்ரின் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அதே வருசம் குவேக்கர்களின் அமைப்பு ஒண்டு வெளியிட்ட அறிக்கை, சீர்திருத்தம் என்ற பெயரில் நடக்கிற இந்த முடிவில்லாத் தடுப்பைக் கடுமையாகத் தாக்கியது. இடதுசாரிகளும் கைதிகளும் சேர்ந்து கேட்டது: திகதி சொல்லு. 1976இல் கலிபோர்னியா சட்டத்தை மாத்தினது. இனி நிலையான தண்டனைதான். அதில் ஒரு வரி: சிறையின் நோக்கம் தண்டனை. எங்கட பக்கம் வெண்டமாதிரி இருந்தது. ஆனால் திகதி வந்த உடனே, அந்தத் திகதியை ஒவ்வொரு தேர்தலிலயும் தள்ளித் தள்ளி வைக்கத் தொடங்கிச்சினம். 70களின் நடுவில் இருபதாயிரம் பேரளவில் இருந்த சிறைகளில், முப்பது வருசத்துக்குள்ள ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். அதில் கறுப்பின மக்களின்ர பங்கை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால, அண்டைக்கு அந்தத் தம்பி கேட்டதுக்கு என்ர பதில்: இல்லை, வெறும் தண்டனை எண்டும் எழுதேலாது. கலிபோர்னியாவில் நடந்ததை மறந்துபோட்டு நான் கதைச்சால் அது நேர்மையில்லை.

நோர்வேயைப் பற்றிப் போன கூட்டத்தில் கனபேர் கதைச்சீங்கள். ஹால்டன் சிறையின்ர படங்களைப் போனில காட்டினீங்கள், மரம், சமையலறை, இசைக்கூடம். வடிவுதான். ஆனால் நோர்வேயில் எனக்குப் பிடிச்சது தளபாடம் இல்லை. அங்க ஒரு கொள்கை இருக்கு: தண்டனை எண்டது சுதந்திரம் இழக்கிறது மட்டும்தான். மற்ற எல்லா உரிமையும் அப்படியே இருக்கும். சிறைக்கு வாற ஆசிரியர் சிறையின்ர ஆள் இல்லை, வெளியில பள்ளிக்கூடம் நடத்துற அதே நிர்வாகத்தின்ர ஆள். வைத்தியரும் அப்படி, நூலகரும் அப்படி. ஊரில உள்ள எல்லாருக்கும் கிடைக்கிற சேவை, மதிலுக்கு உள்ள இருக்கிறவனுக்கும் கிடைக்குது. அவன் குடிமகன் என்றபடியால் கிடைக்குது. “படிச்சால் விடுவம்” எண்டு இல்லை. இங்கயும் நூறு வருசத்துக்கு முந்தி சிறை ஆணையாளராக இருந்த அலெக்சாண்டர் பற்றர்சன் கிட்டத்தட்ட இதையே சொன்னவர்: சிறைக்கு அனுப்புறதே தண்டனை, அங்க வைச்சுத் தண்டிக்கிறதுக்காக அனுப்புறதில்லை எண்டு. சொன்னது சொன்னபடி இருக்கு. சிறைகள் இருக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியும். 2024இல் இடமில்லாமல், கனபேரைத் தண்டனையின் 40 வீதத்திலேயே விடவேண்டி வந்தது.

ஆனால் ‘குடிமகன்’ எண்டு சொன்னேனே, அங்கதான் கல்லு இடறுது. 2012 முடிவில் நோர்வே கொங்ஸ்விங்கர் என்ற சிறையை வெளிநாட்டவருக்கு மட்டுமாக ஒதுக்கினது. தண்டனை முடிய நாடுகடத்தப்படப் போறவைக்கு. திரும்பி எங்கட ஊருக்கு வரப்போறவனைத் தயார்ப்படுத்துறம், வராதவனை என்னத்துக்கு? புனர்வாழ்வுத் தர்க்கத்தின்படி பார்த்தால் அது சரியான முடிவு. பாருங்கோ, பக்கத்து வீட்டுக்காரனா வரப்போறவன் எண்டபடியால்தான் அவனுக்கு மரியாதை எண்டால், பக்கத்து வீட்டுக்கு வராதவனுக்கு மரியாதை இல்லை.

இங்கயும் அதேதான். ஹண்டர்கூம், மெய்ட்ஸ்டன் இரண்டும் வெளிநாட்டுக் கைதிகளுக்கான சிறைகள். 2007ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டத்தின்படி, பிரித்தானியக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு 12 மாதமோ அதுக்கு மேலோ சிறை கிடைச்சால், சில விதிவிலக்குகளைத் தவிர, நாடுகடத்தல் தானாக வரும். கை கட்டிக்கொண்டிருந்த அந்த அண்ணா ஐ.பி.பி. கைதி இல்லை. அவருக்கு முடிவுத் திகதி இருந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. மனிசி வாறதெண்டு, பிள்ளைக்கு லீவு எடுத்து, எல்லாம் ஆயத்தம். வியாழன் பின்னேரம் ஒரு கடிதம் வந்தது: தண்டனை முடிஞ்சாலும் குடிவரவுச் சட்டத்தின் கீழ் தொடர்ந்து தடுத்து வைக்கப்படுகிறீர். அந்தத் தடுப்புக்கு இந்த நாட்டில் சட்டப்படி கால எல்லை கிடையாது. அதே அறை, அதே கட்டில், அதே சாப்பாடு. வெள்ளிக்கிழமையில இருந்து அவர் கைதி இல்லை எண்டதுதான் வித்தியாசம். என்ர சின்னம்மாவின்ர மகன் ‘சரணடைந்தவர்’ ஆனமாதிரி, இவர் ‘தடுத்துவைக்கப்பட்டவர்’. பாடநெறிச் சான்றிதழ் நாலு வைச்சிருந்தார். நாடுகடத்தல் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தது. கவனத்தில் எடுத்தமாம்.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வாறன். போன முறை ஒரு தங்கச்சி கேட்டவ, “அக்கா, நீங்கள் எப்பவும் உள்ள இருக்கிற ஆம்பிளையளின்ர கதையைத்தான் சொல்லுறீங்கள்.” உண்மைதான்.

இன்னொரு அக்காவுக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறன். அவவின்ர சம்மதத்தோட, விபரங்களை மாத்திச் சொல்லுறன். புருசன் அடிச்சு, கை முறிஞ்சு, அது முதல் தடவையும் இல்லை. வழக்குப் போட்டு, அவருக்கு மறியல் கிடைச்சது. சொந்தக்காரர் என்ன சொல்லியிருப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும். “மனிசனை மறியலுக்கு அனுப்பிப்போட்டாள்.” அவ என்னட்டைச் சொன்னவ: “அவர் உள்ள கஷ்டப்படவேணும் எண்டு நான் நினைக்கேல்லை. ஆனால் நடந்தது பிழை எண்டு இந்த நாட்டில ஒருத்தர், எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு சொன்னது எனக்குப் பெரிய விசயம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் சொல்லேல்லை.”

தண்டனை எண்ட சொல்லுக்குள்ள இதுவும் இருக்கு, தோழர்கள். செய்தது பிழை எண்டு பகிரங்கமாகச் சொல்லுறது. நாங்கள் அந்தச் சொல்லை அறிக்கையில் இருந்து துடைச்சால், இந்த அக்காவுக்குக் கிடைச்ச அந்த ஒரே ஒரு சாமானையும் துடைக்கிறம்.

மனிசன் வெளியில வந்தார். உள்ள ஏதோ உறவுகள் பற்றின பாடநெறி முடிச்சிருந்தார். கோயிலில எல்லாரும், “ஆள் இப்ப நல்லாத் திருந்தி வந்திட்டார்” எண்டு கை குடுத்திச்சினம். ஒரு திருவிழா உபயத்திலயும் சேர்த்தாச்சு. அக்கா அந்தக் கோயிலுக்குப் போறதை விட்டிட்டா. அவர் திருந்தினாரோ இல்லையோ எண்டு பரோலில கேட்டிருக்கலாம், வகுப்பு நடத்தினவரைக் கேட்டிருக்கலாம், கோயில் ஐயாமாரும் சொல்லிச்சினம். அவவை மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை. அவ சொன்ன இன்னொண்டு: அவர் வெளியில வாற திகதியை முன்கூட்டிக் கடிதத்தில் அறிவிச்சது. அந்தத் திகதிக்கு முதல் அவ வீடு மாறினா, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தை மாத்தினா, போன் நம்பரை மாத்தினா. “எனக்கு அந்த முறைமை தந்ததில உதவினது திகதி ஒண்டுதான்.”

சிறையே வேண்டாம் என்கிற தோழர்கள் இங்க இருக்கிறீங்கள். அஞ்சலா டேவிஸின் புத்தகத்தை எங்களோட சேர்ந்து வாசிச்சவை. நானும் அதில் பாதித் தூரம் உங்களோட வாறன். மற்றப் பாதிக்கு அந்த அக்கா என்னை விடுறா இல்லை. அவவின்ர கதவுக்கு முன்னால நிண்டு, ‘சமூகம் பாத்துக்கொள்ளும்’ எண்டு என்னால சொல்லேலாது. எங்கட சமூகம் எப்படிப் பாத்துக்கொண்டது எண்டு இப்பதான் சொன்னேன்.

உண்மையிலேயே ஆபத்தானவனை என்ன செய்யிறது என்றும் கேட்பீங்கள். 2011 யூலையில் நோர்வேயில் 77 பேரைக் கொன்றவன், அதில் 69 பேரை ஊத்தோயா தீவில், உங்களைப் போல இளம் இடதுசாரிகளின்ர முகாமில் கொன்றவன். அந்தத் தீவில் இருந்து நீந்தித் தப்பினவர்களில் எங்கட கம்சாயினி குணரத்தினமும் ஒருவர். அவனுக்கு விதிச்சது 21 வருடத் தடுப்பு, ஆபத்து நீங்காவிட்டால் நீடிக்கலாம். அப்படியான ஆக்கள் இருக்கினம், விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில். அவைக்கு முடிவுத் திகதி சொல்லேலாது எண்டதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அங்க நீடிக்கிறதெண்டால் அரசு நீதிமன்றத்துக்குப் போய்க் கேக்கவேணும். ஐ.பி.பி.யில் அந்தச் சுமை கைதியின்ர தலையில. அந்த விரல்விட்டு எண்ணுற ஆக்களுக்கான சட்டத்தை 8,711 பேருக்குப் போட்டதுதான் இங்க நடந்தது.

ஆனபடியால் அந்த வசனத்துக்குப் பதிலாக நான் ஒரு பந்தி எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். வாசிக்கிறன், பிறகு அடிபடுவம்.

“ஒரு குற்றத்துக்கான தண்டனை, குற்றத்தின் அளவைத் தாண்டாததாகவும் முடிவுத் திகதி உள்ளதாகவும் இருக்க வேண்டும். அந்தத் திகதி கைதிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்வியும் மருத்துவமும் மொழி உதவியும் கைதியின் உரிமை, விடுதலைக்கான நிபந்தனை அல்ல. ஐ.பி.பி. கைதிகள் அனைவருக்கும் தண்டனை மீள விதிக்கப்பட வேண்டும். தண்டனை முடிந்தபின் குடியுரிமை இல்லை என்பதற்காக எவரையும் மீண்டும் தண்டிக்கக் கூடாது.”

‘புனர்வாழ்வு’ அதில் ஒரு இடத்திலயும் இல்லை. ‘குற்றத்தின் அளவு’ எண்டதை ஆர் அளக்கிறது எண்டு கேட்பீங்கள். கலிபோர்னியாவில் தேர்தலுக்குத் தேர்தல் அளவுகோல் நீண்ட கதையை நானே சொன்னேன். உச்ச எல்லை ஒண்டு, நோர்வேயில் இருக்கிறமாதிரி, சேர்க்கலாமோ எண்டு யோசிக்கிறன். அதில் உங்கட கருத்து வேணும். வாக்கெடுப்பு அடுத்த மாதம்தான், நேரம் இருக்கு.

கடைசியா ஒரு அறிவித்தல். வாற சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் அந்த அண்ணாவைப் பார்க்கப் போறம். காரில ஒரு இடம் மிச்சம். அவருக்குச் சதுரங்கம் விளையாட விருப்பம், ஆனால் வாறவை ஒருத்தருக்கும் தெரியாது. வாற ஆள் செவ்வாய்க்கிழமைக்கு முதல் என்னட்டைப் பேர் தரவேணும், பதியவேணும். அடையாள அட்டை கட்டாயம். ஜீன்ஸில ஓட்டை இருந்தால் வாசலிலயே மறிச்சுப்போடுவினம்.